குமரிக் கரையில் பருவம் பார்ப்பது எப்படி?

நாகர்கோவிலுக்கோ கன்னியாகுமரிக்கோ புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் ஆண்டில் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கொண்டு இது எந்தப் பருவம் என்று கணக்கிடப் பார்க்கிறார்கள். மதுரையிலும் வேலூரிலும் அந்தக் கணக்கு பலிக்கும். குமரிக் கரையில் பலிக்காது. இங்கே ஏப்ரல் மாதத்து நண்பகலில் ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ் என்றால், சனவரி மாதத்து நண்பகலில் 30 டிகிரி இருக்கும். இரவு வெப்பம் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஆண்டு முழுவதும் ஒரே பருவம்தான். ஆனால் அதே பன்னிரண்டு மாதங்களுக்குள் இரண்டு பருவமழைகள் வந்து போகின்றன, கடற்கரையின் மணல் அடித்துச் செல்லப்பட்டுத் திரும்பவும் வந்து சேர்கிறது, ஒரே மாவட்டத்துக்குள் விசைப்படகுகளுக்கு இரண்டு வெவ்வேறு தடைக்காலங்கள் நடைமுறைக்கு வருகின்றன. இந்தக் கரையில் பருவத்தைச் சொல்வது காற்றின் திசைதான். ஆகவே வீடு கட்டுவதோ, வண்ணம் பூசுவதோ, உறவினரை அழைத்து நான்கு நாள் ஊர் சுற்றிக் காட்டுவதோ எதுவானாலும், காற்றைக் கொண்டு திட்டமிடும் முறையைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

முதற்கருவி: மொட்டைமாடிக் கொடி

இதற்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவி எதுவும் இல்லை. மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடியை வடக்குத் தெற்காக ஒன்றும், கிழக்கு மேற்காக ஒன்றும் கட்டிக்கொள்ளுங்கள். நாள்தோறும் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். இரண்டு வேளையும் பார்க்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து கரைக்கு வீசுவது கடற்காற்று. இரவில் நிலம் ஆறியதும் கரையிலிருந்து கடலுக்கு வீசுவது கரைக்காற்று. இவை இரண்டும் அன்றாடம் மாறுபவை என்பதால், பிற்பகலில் மட்டும் பார்ப்பவர் கடற்காற்றைப் பருவக்காற்று என்று எடுத்துக்கொண்டு ஏமாந்து போவார். காலையிலும் மாலையிலும் துணி ஒரே பக்கமாகப் பறந்தால், அதுவும் ஒரு வாரம் தொடர்ந்து பறந்தால், பருவக்காற்று நிலைகொண்டுவிட்டது என்று பொருள். ஆனி மாதத்தில் துணி கிழக்கு நோக்கிப் படபடக்கும். மார்கழிக் காலையில் தெற்கும் தென்மேற்குமாகச் சாயும். புரட்டாசியில் சில நாட்கள் ஒரு பக்கமும் அசையாமல் நேராகத் தொங்கும். அந்தத் தொங்கும் நாட்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கரையோரத்தார் காற்றுக்குத் திசை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது மேல்காற்று. பெரும்பாலும் பள்ளியில் படித்த பெயர்கள்தாம். ஆனால் இங்கே அவை இன்றும் வேலைக்குப் பயன்படும் சொற்களாக உள்ளன.

இடம் அறிதல்

குமரிமுனை வடக்கு அகலாங்கு 8 டிகிரியை ஒட்டி இருக்கிறது. இதனால் விளையும் ஒரு செய்தி வீடு கட்டுகிறவர்களுக்கு மிகவும் வேண்டியது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் வடக்குப் பக்கம் சாய்ந்து, செப்டம்பர் தொடக்கத்தில்தான் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. வடக்குச் சன்னலில் வெயில் அடிக்காது என்ற எண்ணம் இங்கே ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குப் பொய்த்துப் போகும். அவற்றுள் சூன் முதல் ஆகத்து வரை வானம் மூடிக் கிடப்பதால் தொல்லை இல்லை. ஏப்ரல் இரண்டாம் பாதியிலும் மே மாதத்திலும் வடக்குச் சுவர் நன்றாகவே காயும். ஆகவே வடக்குப் பக்கத்திலும் இரண்டடிக்குக் குறையாமல் வெயில்தடுப்பு நீட்டிக் கட்டச் சொல்லுங்கள். கொத்தனார் வேண்டாம் என்றுதான் சொல்வார், விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, உங்கள் வீடு மாவட்டத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி இம்மாவட்டத்தில் வந்து முடிகிறது. தென்மேற்கிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கத்து மலைச்சரிவில் மோதி மேலெழும்பிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. குமரிமுனையிலோ மோதுவதற்கு மலை இல்லை. காற்று முனையை உரசிக்கொண்டு கடந்து போய்விடுகிறது. அதனால் குலசேகரத்தில் குடை தாங்காத மழை பெய்யும் அதே நாளில், ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் கன்னியாகுமரியில் முகத்தில் தெளித்தாற்போன்ற சாரல் மட்டும் விழும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் பக்கம் போனால் அந்தச் சாரலும் இராது. காற்று மட்டும் இருக்கும். மலைகளுக்கு இடையே உள்ள அந்த இடைவெளியில் மேல்காற்று நெருக்குண்டு விரைவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். பேருந்தில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும்போது, சன்னலுக்கு வெளியே பச்சை வயல்களும் தென்னைகளும் அரைமணி நேரத்துக்குள் உடைமரக் காடாக மாறுவதைக் கண்டிருப்பீர்கள். ஆனி, ஆடியில் மழை எங்கே நின்றுவிடுகிறது என்பதை அந்த ஒரு பயணமே காட்டிவிடும்.

இடவப்பாதி முதல் ஆவணி வரை

இம்மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த பகுதி. அதனால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மூத்தவர்கள் இன்றும் பருவங்களை மலையாள மாதப் பெயர் கொண்டே சொல்கிறார்கள். இடவ மாதத்தின் பாதியில், அதாவது மே முடிந்து சூன் பிறக்கும் வேளையில், தொடங்குவதால் தென்மேற்குப் பருவமழைக்கு இடவப்பாதி என்று பெயர். கேரளத்தில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் சூன் 1 என்று வானிலைத் துறை வரையறுத்திருக்கிறது. நாம் கேரளத்தை ஒட்டியே இருப்பதால் அந்தச் செய்தி வந்ததும் நமக்கும் வந்துவிட்டதாகவே கொள்ளலாம்.

அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் முடிக்க வேண்டிய வேலைகளை முதலில் சொல்கிறேன். தென்னை மரங்களில் முற்றிய தேங்காயையும் காய்ந்த ஓலையையும் மட்டையையும் இறக்கிவிடுங்கள். ஆடிக் காற்றில் அவை எங்கே வந்து விழும் என்று சொல்ல முடியாது. வாழை வைத்திருந்தால் குலை தள்ளிய வாழைக்கெல்லாம் முட்டுக் கொடுங்கள், அதுவும் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறமான கிழக்கில் கொடுங்கள். ஓட்டு வீடானால் மேற்கு விளிம்பில் உள்ள கடைசி இரண்டு வரிசை ஓடுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். காற்று அங்கேதான் நுழைந்து தூக்கும். சன்னல்களில் மேற்குப் பக்கத்தவற்றின் கொக்கிகளைச் சரிபாருங்கள். தகரக் கூரை போட்டிருப்பவர்கள் திருகாணிகளின் அடியில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துருவேறிய திருகாணி பார்வைக்கு இறுகப் பிடித்திருப்பது போலவே இருக்கும், விரலால் நெம்பினால்தான் உண்மை தெரியும்.

காற்று நிலைகொண்ட பிறகு மூன்று மாதங்களுக்கு உங்கள் முதன்மையான பகை மழையன்று, உப்பு. மேற்குக் கரையில் அலை உடையும்போது தெறிக்கும் நுண்திவலைகளைக் காற்று அள்ளிக்கொண்டு ஊருக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால், காலையில் துடைத்த சன்னல் கண்ணாடியில் மாலையில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாலே கரிக்கும். என் வீட்டுக்கு மேற்குப் பக்கத்தில் இரும்புச் சன்னல் வைத்தால் போதும் என்று செய்து கொடுத்தவர் உறுதி சொன்னார், நானும் நம்பினேன். இரண்டாவது ஆடிக்குள் கீழ்ச்சட்டத்தின் மூலைகளில் வண்ணம் கொப்பளம் போல எழும்பியது. கொப்பளத்தை நகத்தால் கீறினால் உள்ளே காப்பித்தூள் நிறத்தில் துரு உதிர்ந்தது. இப்போது அந்தப் பக்கம் முழுவதும் மரமும் அலுமினியமும்தான். எவர்சில்வர் கம்பி போடுவதானால் கடையில் 304 என்ற தரத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். கரையோரத்துக்கு 316 என்ற தரமே தாங்கும், விலை கூடுதல் என்றாலும் அதையே கேளுங்கள். ஏசியின் வெளிப்பெட்டியை மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள்; வேறு வழியில்லை என்றால் மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிடுங்கள்.

இந்த மாதங்களில் கடற்கரைக்குப் போகிறவர்கள் கரையின் வடிவம் மாறியிருப்பதைக் காண்பார்கள். மார்கழியில் ஐம்பது தப்படி அகலமிருந்த மணல்வெளி ஆடியில் பத்துத் தப்படியாகச் சுருங்கிக் கிடக்கும். உயர்ந்த அலைகள் மணலை அரித்துக் கடலுக்குள் இழுத்துக்கொள்கின்றன. காற்று தணிந்த பிறகு சிறிய அலைகள் அதைச் சிறிது சிறிதாகத் திரும்பக் கொண்டுவருகின்றன. அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் பாறைகளைக் கொட்டிக் கட்டியிருக்கும் நீட்சிகளைத் தூண்டில் வளைவு என்கிறார்கள். அவற்றின் மேல் நடந்துபோய்ப் படமெடுப்பதை இந்தப் பருவத்தில் அறவே தவிர்க்க வேண்டும், பாறைகள் பாசியேறி வழுக்கும். இந்த மாதங்களில் பார்த்ததை வைத்துக் கடலோரத்தில் மனை வாங்கலாமா என்று முடிவெடுங்கள். கோடையில் வந்து அகன்ற மணலைப் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் உண்டு.

மீன் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கிழக்குக் கரை விதியின் கீழ் வரும் சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை தடைக்காலம். மேற்குக் கரை விதியின் கீழ் வரும் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகளுக்கு சூன் 1 முதல் சூலை 31 வரை. இரண்டும் ஒருசேர நடக்கும் சூன் முதல் இரண்டு வாரங்களில் பெரிய மீன் கிடைப்பது அரிதாகி விலை ஏறும். வள்ளங்களும் கட்டுமரங்களும் கொண்டுவரும் சாளையையும் நெத்திலியையும் அந்நாட்களில் வாங்கிச் சமைப்பதே அறிவுடைமை. அவை மிகவும் புதியனவாகவும் இருக்கும்.

புரட்டாசி

ஆவணி கடைசியிலிருந்து மேல்காற்று தளரும். கொடியில் துணி நேராகத் தொங்கும் நாட்கள் இவைதாம்: ஒரு காற்று போய்விட்டது, மற்றொன்று இன்னும் வரவில்லை. கன்னி மாதமாகிய புரட்டாசியில் அறுவடைக்கு வருவதால் முதற்போக நெல்லுக்குக் கன்னிப்பூ என்று பெயர். கும்ப மாதமாகிய மாசியில் வருவது கும்பப்பூ. பருவக்காற்றுகளின் நடுவே உள்ள வறண்ட இடைவெளி பார்த்தே இந்த இரண்டு போகங்களையும் முன்னோர் அமைத்திருக்கிறார்கள். நீங்களும் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: மொட்டைமாடி வடிகால் குழாய்களைத் தூர்வாருங்கள், ஒழுகல் அடையுங்கள், மெத்தை தலையணைகளை ஒரு நாள் முழுவதும் வெயிலில் போட்டெடுங்கள்.

துலா மழையும் வானிலை அறிக்கையும்

துலா மாதமாகிய ஐப்பசியில் வருவது துலா மழை, அதாவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் 20ஐ ஒட்டி இது தொடங்குவது இயல்பு. தமிழ்நாட்டின் பிற கரையோர மாவட்டங்களுக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு இதுவே. குமரிக்கு மட்டும் இடவப்பாதியும் துலா மழையும் ஏறத்தாழச் சம பங்காளிகள். ஆனால் இரண்டின் குணமும் வேறு. இடவப்பாதி மழை நாள் முழுவதும் விட்டுவிட்டுத் தூறும், இடி குறைவு. துலா மழையோ, குறிப்பாக ஐப்பசியில், காலையில் வெயிலைக் காட்டி ஏமாற்றிவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து, இடியும் மின்னலுமாக இறங்கும். ஆகவே இந்த மாதத்தில் வெளிவேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பிற்பகலில் தோட்டத்தில் நிற்பதும், மொட்டைமாடிக்குத் துணி எடுக்க ஓடுவதும் கூடாது. துணி நனைந்தால் மறுநாள் காயும்.

கார்த்திகையில் கவலை வேறு. வங்கக் கடலிலும் இலங்கையை ஒட்டியும் உருவாகும் தாழ்வுப் பகுதிகள் குமரிக்கடலுக்கு வருகின்றன. இங்கேதான் வானிலை அறிக்கையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அறிக்கையில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேலே அதிகனமழை. நமது மாவட்டத்துக்கு மிகக் கனமழை என்று வந்துவிட்டாலே மலைப்பகுதியில் பெய்வது அணைகளுக்கு வரும் என்று கணக்கிட வேண்டும். பேச்சிப்பாறை அணையின் கொள்ளளவு உயரம் 48 அடி, பெருஞ்சாணியின் உயரம் 77 அடி. செய்தித்தாளில் நாள்தோறும் வெளியாகும் நீர்மட்டம் இவ்வளவுகளை நெருங்கியிருக்கும்போது மழை அறிவிப்பு வந்தால், உபரிநீர் திறப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வரும். கோதையாற்றுக் கரையிலும் குழித்துறைப் பக்கத்துத் தாழ்வான இடங்களிலும் தண்ணீர் ஏறும். 2021 நவம்பர் நடுவில் பெய்த மழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து, நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ரயில்கள் தடைப்பட்டன. அந்த மாதத்தில் திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏற வேண்டியவர்கள் முந்தைய நாளே போய்த் தங்கிக்கொள்வது நல்லது.

அறிக்கையின் கடைசிப் பத்தியை மக்கள் படிப்பதே இல்லை. மீனவர்களுக்கானது என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கரையில் வாழ்கிறவர் எவரும் முதலில் படிக்க வேண்டியது அதுதான். “குமரிக்கடல் மற்றும் மன்னார் வளைகுடாப் பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்” என்ற வாசகம் ஆண்டில் பலமுறை வரும். அந்த வாசகம் வந்த நாளில் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடல்நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகை நிறுத்துவார்கள். வெளியூர் உறவினரைக் கூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, சீட்டுச் சன்னலுக்கு நான்கு பேர் முன்னால் வந்ததும் அன்றைய சேவை இரத்து என்ற அறிவிப்பைக் கேட்டுத் திரும்பியவன் நான். மனம் நொந்துபோய், குமரி அம்மன் கோவிலுக்குப் போய்விட்டு, வெயில் தாழ முட்டத்துக்கு வண்டி பிடித்தோம்.

அறிக்கையில் வரும் காற்றின் வேக அளவுகளை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இம்மாவட்டத்துக்கு உணர்த்தியது 2017இன் ஓகி புயல். இலங்கையை ஒட்டி நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே புயலாகி, குமரிமுனையை நெருங்கிக் கடந்து அரபிக்கடலுக்குள் சென்றது. புயல் என்றால் கிழக்கிலிருந்து நாள்கணக்கில் நகர்ந்து வரும், முன்னறிவிப்புக்கு நேரம் இருக்கும் என்று பழகியிருந்த கரைக்கு அந்த விரைவு புதிது. ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்த படகுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற மேற்குக் கரை ஊர்கள் கொடுத்த உயிர்கள் ஏராளம். கரையில் இரப்பரும் வாழையும் அடியோடு சாய்ந்தன, பல நாட்கள் மின்சாரம் இல்லை. ஆகவே கார்த்திகை தொடங்கும் முன்பே வீட்டில் ஒரு வாரத்துக்கு வேண்டிய குடிநீர் பிடித்து வைக்கப் பாத்திரம், கைவிளக்கு, கைப்பேசிக்கு மின்சேமிப்பான், நாள்மருந்துகள் இரண்டு வாரத்துக்கு என எடுத்து வைத்துவிடுங்கள். கிணற்றில் மோட்டாரை மட்டும் நம்பியிருப்பவர்கள் ஒரு வாளியும் கயிறும் கப்பியும் வைத்திருப்பது நலம். ஓகிக்குப் பிந்தைய வாரத்தில் எங்கள் தெருவில் கப்பி இருந்த கிணறு ஒன்றுதான், தெருவே அங்கேதான் நின்றது.

குமரிக்கடலில் சுழற்சி இருந்தால் மழை குமரியில்தான் பெய்யும் என்றும் இல்லை. 2023 டிசம்பரில் இப்பகுதியில் நிலைகொண்ட சுழற்சியால் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆகவே பயணம் போகிறவர்கள் தம் ஊர் நிலவரத்தோடு, போகிற வழியில் உள்ள மாவட்டங்களுக்கு என்ன வண்ண எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மார்கழி முதல் மாசி வரை

சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம் முடிந்தால் மழையும் பெரும்பாலும் முடிந்ததாகக் கொள்ளலாம். இதுவே ஆண்டின் இனிய காலம். “தைப்பனி தரையைத் துளைக்கும்” என்பது உள்நாட்டுப் பழமொழி. இங்கே அது போர்வையைக் கூடத் துளைக்காது. விருந்தினரை அழைக்க வேண்டியது இந்த மாதங்களில்தான். சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், ஐப்பசி முதல் மாசி வரை குமரிமுனையில் நின்றால் கதிரவன் கடலிலேயே மறைவதைக் காணலாம். வைகாசி, ஆனியில் அது வடமேற்கே நிலப்பக்கம் மறையும் என்பதை அறியாமல் மே விடுமுறைக்கு வந்து ஏமாறுகிறவர்கள் பலர். உதயம் எந்த மாதத்திலும் கடலில்தான், மேகம் மறைக்காதவரை. மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் மிகுதி என்பதால், தை பிற்பகுதியைத் தேர்ந்தெடுத்தால் அறையும் எளிதில் கிடைக்கும்.

சுவருக்கு வண்ணம் பூசவும் இதுவே காலம். கூலி குறைவு என்று ஆனியில் பூசச் செய்து, கார்த்திகையில் அது தோலாக உரிந்து வந்ததை ஒருமுறை பார்த்துவிட்டேன். பூசுவதற்கு இரண்டு நாள் முன்னதாகச் சுவரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, படிந்த உப்பைப் போக்கி, நன்றாகக் காயவிட்ட பிறகே தூரிகையை எடுக்கச் சொல்ல வேண்டும். மிளகு, புளி, வற்றல் எல்லாம் மாசி வெயிலில் காய்ந்துவிட்டால் ஆடி ஈரத்திலும் பூசணம் பிடிக்காது.

பங்குனி, சித்திரையும் கள்ளக்கடலும்

வெப்பமானி 33 காட்டினாலும் உடம்பு அதைவிட மிகுதியாகவே உணரும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வேர்வை உலராது. மதுரையின் 38 டிகிரி நிழலில் கிடைக்கும் ஆறுதல் இங்கே 33 டிகிரி நிழலில் கிடைக்காது. கரைக்காற்று விலகிக் கடலிலிருந்து கடற்காற்று வரும்வரையுள்ள முற்பகல் ஒன்பது முதல் பதினொன்று வரையே மிகவும் புழுக்கமான நேரம் என்பது என் கணிப்பு. அந்நேரத்தில் கடல் நோக்கிய சன்னல்களைத் திறந்து காத்திருங்கள். கரையோரக் கிணறுகள் இம்மாதங்களில் உவர்க்கும்; குடிப்பதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள், கான்கிரீட் கலக்கவும் அந்த நீரைப் பயன்படுத்தாதீர்கள், உள்ளே உள்ள கம்பியை அரித்துவிடும்.

இப்பருவத்தின் உண்மையான ஆபத்து வானம் தெளிந்து, காற்று அடங்கி, கடல் அழகாக இருக்கும் நாளில் வருகிறது. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் கிளப்பிய நெடிய அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து, இங்கே சிறு காற்றும் இல்லாத வேளையில் கரையேறுகின்றன. சொல்லாமல் வருவதால் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். கேரளக் கரை மீனவர் சொல்லாகிய இதையே 2012இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை இழுத்துச் சென்றது, எச்சரிக்கை நடைமுறையில் இருந்த நாளில் எழுந்த இத்தகைய அலைதான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்னும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை வெளியிடுகிறது. சித்திரை, வைகாசியில் குழந்தைகளோடு கடற்கரைக்குக் கிளம்பும் முன் அதைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி ஓதங்களோடு சேர்ந்தால் தண்ணீர் இன்னும் உள்ளே ஏறும்.

கண்ணால் அறியும் வழியும் ஒன்று உண்டு. காற்றால் எழும் அலை நான்கைந்து வினாடிக்கு ஒருமுறை ஒழுங்கற்று உடையும். நெடுந்தொலைவிலிருந்து வரும் அலை பதினைந்து, இருபது வினாடி இடைவெளி விட்டு, ஒரே சீராக, கனத்த ஓசையோடு உடையும். நடுவில் கடல் உறங்குவது போலிருக்கும். அந்த உறக்கத்தை நம்பித்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். ஒரு மே மாத மாலையில் சொத்தவிளையில் நான் கணுக்கால் நனைய நின்றிருந்தபோது, வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “காத்தே இல்ல, அலை மட்டும் எங்கயிருந்து வருது மக்களே? கரை ஏறு.” நான் ஏறினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணியபோது, இரண்டு அலைகளுக்கு இடையே பதினெட்டு வினாடி இருந்தது. சிறிது நேரத்தில் வந்த அலையொன்று, நான் செருப்பைக் கழற்றி வைத்திருந்த இடத்தையும் தாண்டி, அவருடைய வலைக்குவியலின் ஓரம் வரை வந்து திரும்பியது.

அன்றிரவு குறிப்பேட்டில் எழுதிய வரி இது, நீங்களும் ஓராண்டுக்கு இப்படி எழுதி வையுங்கள், இரண்டாம் ஆண்டில் நாட்காட்டி தேவைப்படாது: “சித்திரை 25. கொடியில் துணி அசையவில்லை. வானம் தெளிவு. அலை இடைவெளி 18 வினாடி. செருப்பு ஒன்று போயிற்று.”